மரம் நிற்கும் இடத்திலேயே வாள்பட்டறை

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தின் தோப்புகளை அழித்துக்கொண்டு மேற்கே சென்றது. செட்டிநாட்டையும் அது விட்டுவைக்கவில்லை. தென்னையும் பலாவும் தேக்கும் வேரோடு சாய்ந்தன. பாதையைத் திறக்கவும் கொல்லையைச் சுத்தம் செய்யவும் சங்கிலி வாள்கள் வந்து, கிடந்தவற்றைத் துண்டு துண்டாக நறுக்கின. பலகைக்கு ஏற்ற மரமும் விறகோடு விறகாய்ப் போனது உண்டு.

அதே சங்கிலி வாளுடன் ஓர் இரும்புச் சட்டமும் ஒரு நேரான ஏணியும் இருந்திருந்தால், மரம் விழுந்த இடத்திலேயே பலகை அறுத்திருக்கலாம். பெயர்த்துச் செல்லத்தக்க இச்சிறு வாள்பட்டறையை நிறுவும் முறையை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம்.

வாள்பட்டறைக்கு மரத்தைக் கொண்டுசெல்லும் செலவே பல சமயம் மரத்தின் விலையை விழுங்கிவிடுகிறது. ஒன்றரை அடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள பச்சைத் தேக்குத் தடி ஏறத்தாழ அரை டன் எடை இருக்கும். லாரி நுழையாத வரப்பில் கிடக்கும் அதனை வியாபாரி கேட்ட விலைக்கு விடுவதே வழக்கமாகிவிட்டது. பலகையாக்கிவிட்டால் இருவர் தோளில் வெளியே வந்துவிடும்.

இக்காலத்துச் சங்கிலியின் பல், ஒரு புழுவைப் பார்த்துச் செய்யப்பட்டதாகும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிவந்த ஜோசப் காக்ஸ் என்பவர், வண்டின் புழு வெட்டுமரத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் எளிதாகக் கடித்துச் செல்வதை 1946இல் கவனித்தார். அதன் தாடை அமைப்பை ஒட்டிப் பற்களை அமைத்து, அடுத்த ஆண்டில் சங்கிலித் தொழிலைத் தொடங்கினார். ஆயினும் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது குறுக்கே வெட்டும் சங்கிலியே. அதன் பற்கள் சுமார் 30 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். பலகை அறுக்க 10 பாகைச் சாய்வே ஏற்றது. எஞ்சின் 70 சி.சி.க்குக் குறைந்தால் தேக்கு, வேம்பு போன்ற மரங்களில் சூடேறித் திணறும். வாளின் அலகில் நான்கைந்து அங்குலத்தைச் சட்டம் பிடித்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

நிற்க, இதில் நஷ்டமும் உண்டு. சங்கிலி அறுக்கும் தடம் ஏறத்தாழ முக்கால் அரை அங்குலம், அதாவது எட்டில் மூன்று பங்கு. பட்டை வாளின் தடமோ எட்டில் ஒரு பங்கே. பதினொன்றேகால் அங்குலக் கட்டையில் பட்டை வாள் பத்து ஓரங்குலப் பலகை தரும். சங்கிலி வாள் எட்டுத்தான் தரும். மீதி மரத்தூள். ஆகவே சாலையோரத்தில் வண்டியேற்ற வசதியாகக் கிடக்கும் மரத்திற்கு இது உகந்ததன்று. காரைக்குடிப் பட்டறைக்கே அனுப்பிவிடலாம்.

இனி, பொருத்தும் முறை. சட்டம் தனக்கு மேலுள்ள பரப்பை அப்படியே கீழே நகல் எடுக்கும். வழி கோணினால் பலகை கோணும். அந்தப் பலகையின் மேல் ஓடும் அடுத்த அறுப்பும் கோணும். முதல் அறுப்பில் நேர்ந்த பிழை தடியின் அடிவரை இறங்கும். எனவே அறுப்பதற்கு ஆகும் நேரத்தைவிட ஏணியை நிறுத்த அதிக நேரம் சென்றாலும் பாதகமில்லை.

தடியை மண்ணில் படாமல் இரண்டு குறுக்குக் கட்டைகளின் மேல் ஏற்றி, உருளாதபடி ஆப்பு வைத்து இறுக்கவேண்டும். அதன் முதுகில், தடியைவிட இரு முனையிலும் ஒன்றரை அடி நீண்டிருக்கும் ஏணியைக் கிடத்துக. அலகு மரத்தைத் தொடுமுன்பே சட்டம் ஏணியில் முழுவதும் அமர்ந்திருக்கவேண்டும், வெளியேறும்போதும் அவ்வாறே. தடியின் அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பதால், பட்டையை ஒட்டி ஏணியை வைத்தால் வைரம் சாய்வாக அறுபடும். இரு வெட்டுமுகங்களிலும் நடுப்புள்ளியிலிருந்து ஏணிவரை அளந்து, இரண்டும் சமமாகும்வரை நுனிப்பக்கத்தில் ஏணியை உயர்த்துக.

அடுத்தது முறுக்கு. நேரான இரு குச்சிகளை ஏணியின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், முன்குச்சியின் விளிம்பு பின்குச்சியின் விளிம்போடு ஒன்றிக் கிடக்கவேண்டும். ரசமட்டம் வைத்தும் பார்க்கலாம். ஆனால் பூமிக்கு மட்டமாக இருப்பது முக்கியமன்று, இரு முனைகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதே முக்கியம். பின்பு நூல் கட்டி, நடுவில் தொய்வு இருந்தால் ஆப்பினால் தாங்குக. ஏணியைப் பிடிக்கும் திருகாணி அலகு செல்லும் ஆழத்திற்கு இறங்கலாகாது. இறங்கினால் சங்கிலி இரும்பில் மோதும். பல் போவதோடு ஆளுக்கும் ஆபத்து.

கடைசியாகச் சட்டத்திலிருந்து சங்கிலிப் பல்லின் மேல்நுனிவரை, எஞ்சின் பக்கமும் மூக்குப் பக்கமும் அளக்கவேண்டும். அலகின் விளிம்புவரை அளந்தால் பலகை மெலிந்துவிடும். இரண்டு அளவும் ஒன்றாயிருத்தல் அவசியம். நெசவாளருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. நெய்த துணியைச் சுருட்டும் படைமரமும் பாவு வரும் மரமும் இணையாக நில்லாவிட்டால் பாவு ஒருபுறம் விறைத்து மறுபுறம் தளருமல்லவா? கண்டாங்கிக் கட்டம் கோணுவதும் பலகை கோணுவதும் ஒரே காரணத்தால்தான்.

அறுக்கும்போது பின்னால் திறக்கும் பிளவில் ஆப்புகளைச் செருகிக்கொண்டே செல்லவேண்டும். இல்லையேல் மரம் அலகைக் கவ்வும். தேக்கில் மணற்சத்து உண்டாதலால் ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் அரம் பிடிப்பது நன்று. ஒருபக்கப் பற்கள் நீண்டும் மறுபக்கப் பற்கள் குறுகியும் போனால், ஏணி எவ்வளவு நேராக இருந்தாலும் அறுப்பு ஒருபுறம் ஓடும். வேலியோர மரத்திலும், இடித்த வீடுகளின் பர்மாத் தேக்கு உத்தரங்களிலும் ஆணி தேடாமல் வாளை வைக்கலாகாது. காதுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் காப்பு வேண்டும். எஞ்சின் புகை முகத்தருகே வருவதால், அது முகத்தில் அடிக்காதபடி காற்றின் திசை பார்த்து நிற்கவேண்டும்.

தென்னைக்குத் தனிக் கணக்கு. அதன் வைரம் வெளிப்புறத்தில்; நடு மென்மை. பிலிப்பைன்ஸ் நாட்டின் சம்போவாங்கா ஆராய்ச்சி நிலையத்தார் இதனை விரிவாக ஆராய்ந்து, வெளிவட்டத்தைக் கட்டட மரமாகவும் நடுப்பகுதியைச் சுமை தாங்காத வேலைகளுக்கும் பிரித்து அறுக்கும் முறையை வகுத்தனர். ஆனால் தென்னை பற்களை விரைவில் மழுக்கிவிடும்.

ஒருவர் வாங்கி ஆண்டில் நான்கு நாள் ஓட்டுவதைவிடச் சங்கம் வாங்கி வாடகைக்கு விடுவதே சிக்கனம். ஆனால் கேட்டவர் கையிலெல்லாம் கொடுப்பது கூடாது. பழகிய இருவர் மட்டுமே யந்திரத்தோடு செல்லவேண்டும். வாங்குமுன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்க. கூடலூர்க் காடுகளைப் பற்றி 1995இல் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பின், உரிமமின்றி வாள்பட்டறை நடத்துவதற்கு இடமில்லை. தேக்கை வெட்டவும் கொண்டுசெல்லவும் என்ன அனுமதி தேவையென்பதையும் அங்கேயே விசாரிக்கலாம். பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021இல் அரசு அறிவித்தது.

அறுத்த பலகைகளை நிழலில், ஓரங்குலக் குச்சிகளை இடையிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குக. குச்சிகள் ஒரே நேர்க்கோட்டில் வரவேண்டும். வெட்டுமுகங்களுக்குப் பழைய வண்ணம் பூசினால் வெடிப்புக் குறையும். பச்சைப் பலகையை உடனே ஆசாரியிடம் கொடுத்துத் தறிச்சட்டம் செய்யச் சொன்னால், அடுத்த கோடையில் மூட்டுகள் கழன்றுவிடும்.