மறுவேலையின் மதிப்பீடு

வீடு கட்டப் புகுவோரின் மதிப்பீட்டுத் தாளில் கல், மணல், சீமெந்து, கம்பி, கூலி ஆகிய அனைத்திற்கும் தனித்தனி நிரல் உண்டு. கட்டியதை இடித்து மீளக் கட்ட நேரின் ஆகுஞ் செலவிற்கு மட்டும் நிரல் இல்லை. எழுதப்படாமையால் அச்செலவு வாராதொழிவதில்லை. எதிர்பாராத வேளையில் வந்து நிற்கின்றது. அதனை முன்னரே கணிக்கும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதன்முறை செவ்வையாக நிறைவேறாத வேலையை மீண்டும் செய்தல் மறுவேலை எனப்படும். வரைபடத்தில் நேர்ந்த பிழை, தொழிலில் நேர்ந்த குறை, நிலத்தின் இயல்பை அறியாமை, உரியவரின் மனமாற்றம் என அதற்குக் காரணங்கள் பல. பிழை பிந்தி வெளிப்படுந்தோறும் செலவு பெருகும். தாளிலுள்ள கோட்டை அழித்தெழுத ஒரு நிமிடம் போதும்; அத்திவாரம் வெட்டியபின் ஒருநாட் கூலி வேண்டும்; கூரை வேய்ந்தபின் அதே பிழையைத் திருத்தச் சுவரையே இடித்தல் வேண்டும்.

இனி, கணிக்கும் முறையைக் காண்போம். தீங்கு நேரக்கூடிய அளவையும், நேர்ந்தால் ஆகுஞ் செலவையும் பெருக்கினால் வருவது எதிர்பார்ப்புச் செலவு ஆகும். எடுத்துக்காட்டாக, ஒரு தோட்டத்திலே மலைச்சரிவை வெட்டி ஒருவர் வீடு கட்டுகின்றார் எனக் கொள்வோம். வீட்டின் பின்புறத்தில் வடிகால் அமைக்க 60,000 ரூபா வேண்டும். வடிகால் இல்லையேல் சுவர் இறங்குதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பும், இருப்பின் ஐம்பதில் ஒரு வாய்ப்பும் உண்டெனக் கருதுவோம். சுவரைத் திரும்பக் கட்டுதற்கு 3,30,000 ரூபா ஆகும்.

இவ்வளவே கணக்கெனின், வடிகால் இல்லாதபோது எதிர்பார்ப்புச் செலவு 66,000 ரூபா. இருக்கும்போது 6,600 ரூபா. வடிகாலால் மீளும் பணம் 59,400 ரூபா. அறுபதாயிரம் செலவிட்டு அதனினுங் குறைவாகப் பெறுவதேன் என்று உரியவர் வடிகாலைக் கைவிடுவார்.

ஆயின் அவர் சிலவற்றை எண்ண மறந்தார். இடிப்புக் கூலி 40,000 ரூபா. இடிபாட்டை அகற்றிப் புதுப்பொருளை மலைமேல் ஏற்றும் கூலி 30,000 ரூபா. வேலை நின்ற நாட்களின் சம்பள இழப்பும் வாடகையும் 1,00,000 ரூபா. இவற்றைக் கூட்டின் மறுவேலையின் முழுவிலை 5,00,000 ரூபா. எதிர்பார்ப்புச் செலவு முறையே 1,00,000 ரூபாவும் 10,000 ரூபாவும் ஆகும். அறுபதாயிரம் ரூபா வடிகால் தொண்ணூறாயிரம் ரூபாவைக் காக்கின்றது. நிலமும் வாய்ப்பும் மாறவில்லை. எண்ணிய பொருள்கள் மாறியமையால் முடிவு தலைகீழாயிற்று. மறுவேலைக் கணக்கிலே பெரும்பிழை பெருக்கலில் நேர்வதன்று, விடுபட்டவற்றிலேயே நேர்கின்றது.

இதற்குப் பெருஞ் சான்று நம் ஊவா மாகாணத்திலேயே உண்டு. உமா ஓயாவின் நீரைப் புகுல்பொலவிலும் டயரபாவிலும் தேக்கி, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே ரந்தெனியவிலுள்ள நிலக்கீழ் மின்னிலையத்திற்குக் கொணரும் திட்டம் 2008 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அதன் மின்வலு 120 மெகாவாற்று. 2014 ஆம் ஆண்டின் இறுதியிலும், பின்னர் 2017 இலும், பாறைப் பிளவுகளின் வழியே சுரங்கத்தினுள் நீர் பெருக்கெடுத்தது. நிலத்தடி நீர் இறங்கவே, பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2015 இல் முடிவுறும் எனப்பட்ட திட்டம் 2024 ஏப்பிரலிலேயே திறந்துவைக்கப்பெற்றது. ஈரான் மீதான தடைகளாற் கடன் நின்றமையும் அத்தாமதத்திற்கு ஒரு காரணமாதலின், பழி முழுவதையும் நீரின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது.

சுரங்கம் அகழ்வோர் முன்னே துளையிட்டு நீரின் இருப்பை அறிந்து, சீமெந்துக் கலவையை அழுத்தத்துடன் பிளவுகளிற் செலுத்தி அடைத்துக்கொண்டு செல்லுதல் உண்டு. நீர் பாயத் தொடங்கியபின் அடைப்பது அதனினும் பன்மடங்கு கடினம். பாயும் நீர் கலவையையே அரித்துச் செல்லும். ஈண்டு நாம் கருதவேண்டியது மற்றொன்றும் உண்டு. வற்றிய கிணறும் வெடித்த சுவரும் எந்த ஒப்பந்தக்காரரின் நிரலிலும் முதலில் இடம்பெறுவன அல்ல. அவற்றின் விலையை முதலிற் செலுத்தியோர், குடத்தைத் தூக்கிக்கொண்டு தொலைவிலே நீர் தேடிய குடும்பத்தாரே. இழப்பீடு பின்னர் வரினும் அந்நாட்கள் மீளா.

எதிர்பார்ப்புச் செலவிற்கும் ஓர் எல்லை உண்டு. நூறு வீடுகளைக் கட்டும் நிறுவனத்திற்குச் சராசரி உதவும். ஒரே வீட்டைக் கட்டும் குடும்பத்திற்கு உதவாது. அக்குடும்பம் ஒரு இலட்சத்தைச் சேமித்து வைப்பினும், தீங்கு நேரின் ஐந்து இலட்சம் வேண்டும். நூறு வீடுகளும் ஒரே சரிவில் இருப்பின் நிறுவனத்திற்கும் சராசரி பொய்க்கும். ஒரு மழை நூற்றினையும் ஒருங்கே தாக்கும். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் ஒரே காலையில் மண்ணுள் மறைந்ததை நாம் மறத்தலாகாது. அவ்விடம் அபாயமுடையதெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. உயிரிழப்பிற்கு மறுவேலை இல்லை. ஆதலின் அதனைப் பெருக்கற் கணக்கினுள் அடக்குதலும் தகாது. அத்தகைய இடத்தே கட்டாதிருத்தலே முறை.

மலையகத் தோட்டங்களிலே இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் எழுந்துள்ளன. தலைமுறை பலவாக லயத்தில் வாழ்ந்தோர்க்கு அது முதற் சொந்த வீடு. இருமுறை கட்ட அவர்களிடம் பொருளில்லை. ஆதலின் நிலச்சோதனை, வடிகால், ஒவ்வொரு படியிலும் மேற்பார்வை ஆகிய மூன்றையும் வீண்செலவென எண்ணற்க. கூரை ஏறுமுன் அத்திவாரத்தை ஒருமுறை அறிந்தோர் பார்த்தல் மிக மலிவான காப்பு ஆகும்.

வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே இழப்பினையும் வரவினையும் ஒருங்கே எண்ணுமாறு பணித்தனர். நம்மிற் பலர் நாளை பொறியியலாளராகவும் அதிகாரிகளாகவும் மதிப்பீட்டில் ஒப்பமிடுவர். அவ்வேளை, இந்நிரலில் யாருடைய இழப்பு எழுதப்படாது விடப்பட்டது என்று ஒருமுறை வினவிப் பின்னர் ஒப்பமிடுவாராக.