வறுவலுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

ஒகேனக்கல் டூர்னாலே அருவிக் குளியலும் சுடச்சுட மீன் வறுவலும்தான்! 100 கிராம் மீன் சதையில் முக்கால்வாசி தண்ணீர். 16 முதல் 20 கிராம் வரை புரோட்டீன். ஜிம் பசங்களுக்கு சூப்பர் டயட்!

ஆனா மேலே என்ன நடக்குது? பெங்களூரு கழிவைச் சுமக்கும் விருஷபாவதி, அர்க்காவதியில் கலந்து, மேகேதாட்டுக்கு முன்னால காவிரியில் சேருது. அப்புறம் நம்ம ஒகேனக்கல்தான்!

அழுக்குத் தண்ணியில் மீனுக்கும் டென்ஷன். சமாளிக்க, தன் சதையில் இருக்கிற புரோட்டீனையே எரிக்கும். சத்து குறையும். காட்மியம், ஈயம் எல்லாம் சதையைவிட ஈரல், சிறுநீரகம், செவுளில்தான் அதிகம் தங்கும். அதனால அதையெல்லாம் சுத்தமா எடுத்துடுங்க. பாதரசம் மட்டும் சதையோடவே ஒட்டிக்கும், வறுத்தாலும் போகாது.

மீன் மேல கோபம் வேண்டாம். பிடிக்கிறவங்களுக்கும் வறுக்கிற அக்காக்களுக்கும் அதுதான் சோறு. கழிவைச் சுத்திகரிச்சு விடணும். பெங்களூருக்கு வேலைக்குப் போற இன்ஜினீயர்ஸ், கேட்குதா?