கரையிலிருந்து இயங்கும் கப்பல், தரையிலிருந்து பறக்கும் விமானம்: போக்குவரத்து மேலாண்மைப் பட்டங்கள்

வான், கடல் போக்குவரத்து மேலாண்மைப் பட்டம் விமானம் ஓட்டவோ கப்பல் செலுத்தவோ கற்றுத்தரும் படிப்பு அன்று. இந்தியாவில் வணிக விமானியாகச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். அதற்கு 200 மணி நேரம் பறந்த அனுபவம் கணக்கில் ஏற வேண்டும். கப்பல் அதிகாரியாகக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும், பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ், பி.டெக். மரைன் இன்ஜினியரிங் போன்றவை அந்தப் பாதையில் உள்ள படிப்புகள். மேலாண்மைப் பட்டத்தின் வேலை வேறு. எந்த வழித்தடத்தில் விமானத்தை விடுவது, இருக்கையை என்ன விலைக்கு விற்பது, கப்பலை யாரிடமிருந்து எத்தனை நாளுக்கு வாடகைக்கு எடுப்பது, எந்தக் கன்டெய்னரை முதலில் இறக்குவது, வழியில் சரக்கு பாழானால் யார் பணம் கொடுப்பது என்று அலுவலகத்தில் இருந்தபடி முடிவெடுப்பவர்களை அது உருவாக்குகிறது. சீருடையின் மீதுள்ள ஆசையால் இதில் சேர்ந்து, பிறகு மனம் சோரும் மாணவர்கள் உண்டு என்பதால் இந்த வேறுபாட்டை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோலத் தோன்றும் இந்த இரண்டு துறைகளையும் சில பல்கலைக்கழகங்கள் சேர்த்தே கற்பிக்கின்றன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் கடல், வான் போக்குவரத்து மேலாண்மைக்கென்று ஒரே மையம் இருக்கிறது. இதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருப்பூர்ப் பனியன் வழக்கமாகக் கன்டெய்னரில் தூத்துக்குடி போய், பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பாவுக்குச் செல்கிறது. உற்பத்தி தாமதமாகி, சரக்கு போய்ச் சேரவேண்டிய தேதி நெருங்கிவிட்டால், அதே பனியன் பல மடங்கு கூடுதல் செலவில் விமானம் ஏறுகிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்லும் பயணிகள் விமானங்களின் அடித்தளத்தில் காய்கறியும் பூவும் போகின்றன; அவற்றுக்குக் கடல்வழி பயன்படாது. உலக வணிகச் சரக்கில் அளவால் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கப்பலில் போகிறது. விமானத்தில் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சரக்கை அனுப்புபவருக்கு இரண்டு கட்டணப் பட்டியலும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டின் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தின் முதுகெலும்பு பொருளாதாரம். சந்தையில் மாலைக்குள் விலைபோகாத மல்லிகையைப் போன்றது விமான இருக்கை. கதவு மூடிய பிறகு காலி இருக்கைக்கு விலை இல்லை. ஆனால் எரிபொருள், ஊழியர், விமான நிலையக் கட்டணம் என்று ஆன செலவு அப்படியே இருக்கிறது. கூடுதலாக ஒரு பயணி ஏறினால் ஆகும் செலவு மிகச் சொற்பம். இதனால்தான் இத்துறையில் விலைப்போர் எளிதில் மூள்கிறது. 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை எதிர்த்து, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி எடுத்த ஆயுதமும் கட்டணக் குறைப்புதான். நஷ்டத்தைப் பல ஆண்டுகள் தாங்கும் முதல் உள்ளவரிடம் அந்த ஆயுதம் எவ்வளவு கொடியது என்பதை இன்றைய பாடநூல்கள் கணக்குப் போட்டுக் காட்டுகின்றன.

இதே பாடத்தின் நவீன வடிவம் அமெரிக்காவில் நடந்தது. 1978இல் அங்கு விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியதும் குறைந்த கட்டண நிறுவனங்கள் முளைத்தன. 1981இல் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் அவற்றில் வேகமாக வளர்ந்தது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதற்குப் பதிலடி கொடுத்தது. முன்கூட்டியே வாங்குபவருக்கு மலிவுச் சீட்டு, கடைசி நேரத்தில் வரும் வணிகப் பயணிக்கு முழு விலை. ஒவ்வொரு விமானத்திலும் எத்தனை இருக்கையை மலிவு விலைக்கு ஒதுக்குவது என்பதைப் பழைய விற்பனைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு கணினி முடிவு செய்தது. பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் அத்தகைய கணினி முறை இல்லை. 1987 பிப்ரவரியில் அந்த நிறுவனம் கான்டினென்டல் ஏர்லைன்ஸில் கரைந்துபோனது. இன்று சென்னை–மதுரைச் சீட்டின் விலை மணிக்கு மணி மாறுவதற்கு மூலம் இந்த முறைதான். வருவாய் மேலாண்மை என்ற பெயரில் அது தனித் தாளாகவே கற்பிக்கப்படுகிறது. அதில் தேற நிகழ்தகவும் புள்ளியியலும் கைவர வேண்டும்.

கப்பல் தொழிலில் கதை வேறு. நிலக்கரி, தாது, தானியம் ஏற்றும் கப்பல்களின் வாடகையை எந்த ஒரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, சந்தைதான் வைக்கிறது. லண்டன் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் உலர் சரக்குக் குறியீடு 2008 மே 20 அன்று 11,793 புள்ளிகளில் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று 663. ஏழு மாதங்களுக்குள் நேர்ந்த இந்தச் சரிவை மாணவர் விளக்கியாக வேண்டும். கப்பல் கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், தேவை கூடும்போது கப்பல்களின் எண்ணிக்கை உடனே கூடாது, வாடகை எகிறும். அந்த வாடகையைப் பார்த்து எல்லோரும் கப்பல் கட்டச் சொல்வார்கள். அவை வந்து சேரும்போது தேவை விழுந்திருக்கும். கப்பலை ஒரு பயணத்துக்கு எடுப்பதா, குறிப்பிட்ட காலத்துக்கு எடுப்பதா, மாலுமிகள் இல்லாமல் வெறுங்கப்பலாக எடுப்பதா என்பது இந்த ஏற்ற இறக்கத்தைக் கணித்துச் செய்ய வேண்டிய தேர்வு. ஏற்றவும் இறக்கவும் ஒப்பந்தத்தில் சொன்ன நேரம் தாண்டினால் நாள் கணக்கில் விழும் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம், இலாபம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடியது.

அடுத்தது சட்டம். மாணவர்கள் சலித்துக்கொள்ளும் பகுதி இது. உண்மையில் இந்தப் படிப்பின் ஆழம் இங்குதான் இருக்கிறது. 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. கப்பலின் உரிமையாளர் ஜப்பானியர், வாடகைக்கு எடுத்து இயக்கியது தைவான் நிறுவனம், நிர்வாகம் ஜெர்மன் நிறுவனம், கொடி பனாமா, மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள், விபத்து நடந்தது எகிப்தில். கால்வாய் நிர்வாகம் இழப்பீடு கேட்டு ஜூலை 7 வரை கப்பலைப் பிடித்து வைத்தது. இதற்கிடையே உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து மீட்க ஆன செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்கள் அனைவரும் அவரவர் உடைமையின் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ளும் பழமையான கடல் வழக்கம் அது. தன் பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழாத வணிகரும் பிணை கட்டிய பிறகே சரக்கை எடுக்க முடியும். காப்பீடு செய்யாத சிறு வணிகரை இது எப்படி முடக்கும் என்பதை இந்த ஒரு வழக்கிலேயே படித்துவிடலாம்.

கடலுக்கும் வானுக்கும் இடையிலான சட்ட வேறுபாடுகளும் கவனத்துக்குரியவை. கப்பல் சரக்குக்குத் தரப்படும் பில் ஆஃப் லேடிங் உரிமை ஆவணம். அதன் மூலப்பிரதியைக் கைமாற்றி, நடுக்கடலில் இருக்கும் சரக்கையே விற்றுவிடலாம். விமானச் சரக்குக்கான ஏர்வே பில்லுக்கு அந்தத் தகுதி கிடையாது. சில மணி நேரத்தில் போய்ச் சேரும் சரக்கை வழியில் விற்க வேண்டிய தேவை எழவில்லை. பாக்கி வைத்த கப்பலைத் துறைமுகத்திலேயே சிறைப்பிடிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உள்ளிட்ட கடலோர மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தருகிறது. விமானத்தில் நிலைமை அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனபோது, விமானங்களை வாடகைக்குக் கொடுத்திருந்தவர்கள் அவற்றை மீட்க ஏறத்தாழ ஓராண்டு நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. அந்தச் சிக்கலைத் தீர்க்க 2025இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது.

திட்டமிடல் பாடங்கள் நேரடியானவை. வழியில் ஐந்து துறைமுகங்களில் நிற்கும் கப்பலில், கடைசித் துறைமுகத்தில் இறங்கும் பெட்டி அடியில் இருக்க வேண்டும். அதே சமயம் கனமான பெட்டிகள் மேலே போய்க் கப்பலின் சமநிலை கெடவும் கூடாது. விமானிகளின் பணி நேர வரம்புக்குள் பணிப்பட்டியல் போடுவதும் இதே வகைக் கணக்கு. சுற்றுச்சூழல் தாள் ஆண்டுதோறும் தடித்துவருகிறது: 2020 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக அளவின் உலக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், அதனால் எரிபொருள் செலவு மாறியதும் அதன் தொடக்கப் பாடம்.

இந்தியாவில் இந்தப் படிப்புகளுக்குத் தமிழ்நாடு முக்கியமான இடம். 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள உத்தண்டி. துறைமுகம்–கப்பல் மேலாண்மை, பன்னாட்டுப் போக்குவரத்து–லாஜிஸ்டிக்ஸ் மேலாண்மை ஆகியவற்றில் எம்.பி.ஏ. பட்டங்களை அது தருகிறது. அதே சாலையில் கானத்தூரில் உள்ள அமெட் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் கப்பல், லாஜிஸ்டிக்ஸ் மேலாண்மைப் படிப்புகள் உண்டு. வான் துறைக்கு, உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. விமானச் சேவை, விமானச் சரக்கு மேலாண்மையில் அங்கு இளநிலைப் பட்டம் கிடைக்கிறது. இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் போக்குவரத்து, லாஜிஸ்டிக்ஸ் துறையில் பட்டம் வழங்குகிறது. மாலபேயில் உள்ள சினெக் கல்வி நிறுவனம் கடல்சார் கல்விக்குப் பெயர்பெற்றது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1983இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் தொடங்கிய உலகக் கடல்சார் பல்கலைக்கழகம், ஏற்கெனவே துறையில் பணியாற்றுபவர்களுக்கான முதுநிலைக் கல்வி நிலையம்.

நாட்டிகல் சயின்ஸுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் கட்டாயம்; கண்பார்வைக்கும் விதிகள் உண்டு. மேலாண்மைப் பட்டங்களுக்குப் பொதுவாக அந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. வணிகவியல் மாணவர்களும் சேரலாம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் மாதிரி விமானக் கேபினையும் பார்த்து மயங்குவதைவிடப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பது மேல். பட்டம் தருவது பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த பல்கலைக்கழகமா, அல்லது பட்டத்துக்கு இணையில்லாத சான்றிதழா என்று பார்க்க வேண்டும். சட்டத் தாள் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் 2024இல் பாரதிய வாயுயான் அதிநியம் வந்துவிட்டது. 1856ஆம் ஆண்டு பில் ஆஃப் லேடிங் சட்டம், 1908ஆம் ஆண்டு துறைமுகச் சட்டம், 1925ஆம் ஆண்டு கடல்வழிச் சரக்குச் சட்டம், 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் ஆகிய நான்குக்கும் மாற்றாக 2025இல் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. பழைய சட்டங்களை மட்டுமே நடத்தும் கல்லூரி மாணவரின் மூன்றாண்டு உழைப்பை வீணாக்குகிறது.

படித்தவர்கள் முதலில் சேருவது பெரும்பாலும் கப்பல் ஏஜென்சி, ஃபிரைட் ஃபார்வர்டர், கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம், கன்டெய்னர் முனையம், விமான நிலையத் தரைச்சேவை, விமானச் சரக்குப் பிரிவு ஆகிய இடங்களில். தொடக்கத்தில் ஆவண வேலையும் இரவு ஷிப்டும்தான் அதிகம். கப்பலும் விமானமும் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகே கட்டண நிர்ணயம், வழித்தடத் திட்டம், வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கோரிக்கை போன்ற பிரிவுகள் திறக்கின்றன. கப்பல் வாடகை ஒப்பந்தத் தரகில் இறங்க விரும்புபவர்கள், 1920இல் அரச சாசனம் பெற்ற லண்டன் பட்டயக் கப்பல் தரகர் கழகத்தின் தேர்வுகளை வேலை செய்துகொண்டே எழுதுகிறார்கள்.