அந்த மூணாவது ஆள் யாரு?

உங்க வீட்டுப் பரண்ல பழைய தகரப் பெட்டி இருக்கா? உள்ளே கறுப்பு வெள்ளை போட்டோக்கள் தூங்குதா? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான் ஃப்ரெண்ட்ஸ்!

செமஸ்டர் லீவுக்கு மல்லசமுத்திரம் போனப்போ, 'எல்லா போட்டோவையும் ஒரே நாள்ல ஸ்கேன் பண்ணிடறேன்'னு வீட்டுல பந்தா விட்டேன். சுவத்துல தொங்கின அப்பாரு படத்துல ஆரம்பம். வருஷக்கணக்கா சந்தனம், குங்குமம் வெச்ச ஃப்ரேம். ஈரத்துல போட்டோ கண்ணாடியோட ஒட்டியிருந்தது. இன்ஜினீயரிங் மூளை 'பிரிச்சுடு'ன்னு சொல்ல, பிரிச்சேன். அப்பாருவோட பாதிக் கன்னம் கண்ணாடியோட போயிடுச்சு! அவருக்கு இருந்தது அந்த ஒரே படம். அப்பத்தா திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலிச்சது.

விஷயம் இதுதான். பழைய போட்டோவில் உருவத்தைத் தாங்குறது ஒரு ஜெலட்டின் படலம். ஈரம் பட்டா இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடிச்சுக்கும். நீங்க என்னை மாதிரி சொதப்பாம இருக்க...

* கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிக்காதீங்க. கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணுங்க.

* 600 டிபிஐ-ல் ஸ்கேன் பண்ணுங்க. 4x6 இன்ச் படம் 2400x3600 பிக்ஸலா கிடைக்கும். ரெண்டு மடங்கு பெரிசா பிரின்ட் போட்டாலும் தெளிவா இருக்கும்.

* ஒரிஜினல் ஸ்கேனை 'டிஃப்' ஃபைலா வைங்க. சொந்தக்காரங்களுக்கு அனுப்ப மட்டும் 'ஜேபெக்'.

* மூணு காப்பி அவசியம். அதுல ஒண்ணு வேற ஊர்லயோ, கிளவுட்லயோ இருக்கட்டும்.

* பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க. எங்க படம் ஒண்ணுல 'சேலம் ஜில்லா'ன்னு ஸ்டுடியோ முத்திரை. நாமக்கல் தனி மாவட்டமா செயல்பட ஆரம்பிச்சது 1997-ல்தான். படம் அதுக்கு முந்தினதுன்னு முத்திரையே சாட்சி!

'வீட்டு போட்டோவுக்கு இவ்ளோ பில்டப்பா'ன்னு கேக்கறீங்களா? புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எடுத்த பழைய குடும்பப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கு. ஆய்வாளர் ஸோயி ஹெட்லி முன்னின்று நடத்திய இந்த வேலைக்கு உதவியது, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம். நம்ம தாத்தா பாட்டி வெறப்பா நின்ன போஸுக்கு அவ்வளவு மதிப்பு!

ஆனா ஸ்கேனரால முடியாத வேலை ஒண்ணு இருக்கு. பெட்டியில் ஏழு பேர் நிக்கிற ஒரு குரூப் போட்டோ. அப்பத்தா ஆறு பேரைக் கடகடன்னு சொல்லிட்டாங்க. இடமிருந்து மூணாவது ஆள்கிட்ட விரல் நின்னுடுச்சு.

"எங்கண்ணனுக்குத் தெரியும் சாமி. அவரு போயி ரெண்டு வருஷமாச்சே..."

ஸ்கேன்ல அந்த ஆளோட சட்டைப் பட்டன்கூட பளிச்சுன்னு தெரியுது. பேர்தான் இல்லை. என் ஃபைல்ல அவர் இப்போ 'மூணாவது ஆள்'. ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தா, அவருக்கும் ஒரு பேர் கிடைச்சிருக்கும்.

அதனால, ஸ்கேனர் அடுத்த மாசம் வாங்கிக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை பெட்டியை இறக்கி, பாட்டி பக்கத்துல உக்காருங்க. கையில ஒரு நோட்டும் பென்சிலும் போதும்!