வீட்டு வானிலைக் கருவிக்கு ஏற்ற கம்பம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் விளங்கும் வளாகத்தினுள்ளே பழைய கருங்கல் தூண் ஒன்று நிற்கின்றது. 1792-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவ்விடத்து வானாய்வுக்கூடம் எழுப்பியபொழுது, விண்மீன்கள் உச்சியைக் கடக்கும் நேரத்தை அளக்கும் தொலைநோக்கியைத் தாங்குதற்பொருட்டு அத்தூண் நடப்பெற்றது. அதன் எடை ஏறத்தாழ 10 டன். கூடத்தை அமைத்த மைக்கேல் டாப்பிங் என்பாரின் பெயரும் ஆண்டும் அதன்மேற் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழெழுத்தும் அதில் உண்டு. அது தாங்கிய கருவியோ மிகச் சிறியது. சிறு கருவிக்கு இத்துணைப் பெருங்கல் எதற்கு என்று வினவுவார் உளராயின், அவர் வானிலைக் கருவி வாங்கி மொட்டைமாடியில் நாட்டிப் பார்த்தவர் அல்லர் என்று யான் துணிந்து கூறுவேன். தாங்குவது அசைந்தால் தாங்கப்படுவது பொய் சொல்லும்.

இந்நாளில் வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க வானிலைக் கருவிகள் எளிதிற் கிடைக்கின்றன. வெப்பமும் ஈரமும் அளப்பது, மழை அளப்பது, காற்றின் வேகமும் திசையும் அளப்பது ஆகிய இவையெல்லாம் ஒரே கூட்டில் அமைந்து வருகின்றன. நம் மாணவருட் சிலரும் பழைய மாணவருட் பலரும் இவற்றை வாங்கியுள்ளனர். கருவியைத் தெரிவதில் வாரக்கணக்கில் ஆராயும் இவர்கள், அதைத் தாங்கும் கம்பத்துக்குக் கால்நாழிகையும் செலவிடுவதில்லை. வீட்டின் பின்புறத்திற் கிடக்கும் ஏதேனும் ஒரு குழாய் அதற்குப் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். யானும் அங்ஙனமே எண்ணினவன்.

இஃது ஏதோ பொழுதுபோக்குப் பற்றிய சிறு செய்தி என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த ஒருநாளில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. இம்மூன்றிடமும் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்குவன. நகரத்தின் அளவை மட்டும் கேட்டிருந்தவர் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததன் காரணத்தை அந்த எண்ணினின்று அறிந்திருக்க இயலாது. தெருவுக்குத் தெரு வேறுபடும் மழையை அறிய, தெருவுக்கு ஒரு மழைமானியேனும் வேண்டும். அம்மழைமானிகள் நம் வீட்டு மாடிகளிலும் தோட்டங்களிலுமே நிற்கக்கூடியவை. அவை பொய்யுரைத்தால் இல்லாதிருப்பதே நன்று.

இனி, கம்பம் எத்துணை உயரம் வேண்டும் என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். இங்கேதான் முதற் சிக்கல். கூட்டிலுள்ள மூன்று கருவிகளும் மூன்று உயரங்களை வேண்டுகின்றன. காற்றுமானிக்கு உலக வானிலை நிறுவனம் வகுத்த உயரம், திறந்த வெளியில் தரையினின்று 10 மீட்டர். அருகில் ஏதேனும் தடை இருப்பின் அதன் உயரத்தைப்போற் பத்து மடங்கு தொலைவில் நிற்றல் வேண்டும். வெப்பமானிக்கோ ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் வரையுள்ள உயரமே முறை. அடியிற் புல்தரை இருத்தல் நலம். மழைமானி இன்னும் தாழ்ந்து நிற்க விரும்புகின்றது. நம் நாட்டு அரசினர் மழைமானியின் வாய் தரையினின்று 30 சென்டிமீட்டர் உயரத்திலேயே இருக்கும்.

மழை எங்கும் ஒன்றாகத்தானே பெய்கின்றது, உயரத்தில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். 1766-67-இல் வில்லியம் ஹெபர்டன் என்னும் ஆங்கில மருத்துவர் இலண்டனில் இதைச் சோதித்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயக் கோபுரத்தின் மேல் ஒரு மழைமானியும், அருகில் ஒரு வீட்டுக் கூரைமேல் மற்றொன்றும், தரையருகே மூன்றாவதும் வைத்து ஓராண்டு அளந்தார். கோபுரத்து மழைமானி, தரையில் நின்றது பெற்ற மழையிற் பாதியளவே காட்டிற்று. துளிகள் விழும்போது வழியிற் பெருத்துக்கொண்டே வருகின்றன போலும் என்று அறிஞர் பலவாறு மயங்கினர். சுமார் நூறாண்டு கழித்து ஜெவான்ஸ் என்பார் உண்மையை விளக்கினார்: உயரத்திற் காற்று வலியது, மழைமானியின் வாயை மோதி மேலெழும் அக்காற்று துளிகளைத் தூக்கி அப்பாற் கொண்டுபோய்விடுகின்றது. ஆகவே உயர்ந்த கம்பத்தின் உச்சியில் மழைமானியை ஏற்றுவோர் புயல்மழையைக் குறைத்தே அளப்பர். நாம் மிகவும் அறிய விரும்பும் மழை அதுவேயன்றோ!

தாழ்வாக வைத்தலிலும் இடர் உண்டு. சுற்றியுள்ள சுவரும் மரமும் மழையை மறைக்கும். மழைமானியின் வாய்க்கு மேல் ஒரு தடை எவ்வளவு உயர்ந்திருக்கின்றதோ அதைப்போல் இருமடங்கு தொலைவேனும் விலகியிருத்தல் வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு மீட்டர் உயர்ந்த வேம்பு ஒன்று நின்றால் இருபத்துமூன்று மீட்டருக்கு மேல் விலகுதல் வேண்டும். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் ஒரு கிரவுண்டு மனை என்பது பெரும்பாலும் நாற்பதுக்கு அறுபது அடி, அதாவது பன்னிரண்டுக்குப் பதினெட்டு மீட்டர். வேம்பு அடுத்த வீட்டிலிருந்தாலும் நம் மனையில் விலக இடமில்லை. 1937-இல் நம் கல்லூரி நகரத்தைவிட்டுத் தாம்பரத்துக்கு வந்தபொழுது புதர்க்காடாயிருந்த நிலம் இன்று மரச்செறிவால் பெயர்பெற்றது. அதனால், இத்துணைப் பரந்த வளாகத்திலும் விளையாட்டுத் திடல்களின் ஓரமன்றி மழைமானிக்கு ஒழுங்கான இடம் காண்பது அரிது.

ஆதலின், மனை சிறிதானவர் மாடிக்கே ஏறுதல் வேண்டும். அங்கும் முழுமை கிடையாது. மாடித்தரை பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவு நெடுநேரம் அதை உமிழ்வதால் வெப்பமானி மிகுத்துக் காட்டும். கட்டடத்தை மோதிய காற்று கைப்பிடிச்சுவரின் மேற் சுழன்று வருவதால் காற்றுமானி தடுமாறும். யான் கொண்ட முடிபு இது: தென்சென்னைப் புறநகர்களில் வாழ்வோர் முதலில் மழையை நம்பகமாக அளத்தல் வேண்டும், மற்றவை அதற்குப் பின். எனவே மாடியின் நடுவில், தளத்தினின்று ஒன்றரை மீட்டர் உயரமுள்ள குட்டையான, தடித்த கம்பம் போதும். கைப்பிடிச்சுவர் ஒரு மீட்டருக்குட்பட்டதாதலின் அது தடையாகாது. மாடிப்படி அறை தளத்தினின்று இரண்டரை மீட்டர் உயர்ந்திருப்பின், கருவிக்கு மேல் அது ஒரு மீட்டரே ஓங்கும்; இரண்டு மீட்டர் விலகினால் அமையும். காற்றையும் அறிய விரும்புவோர், காற்றுமானி தனியே கழன்றுவரும் கருவியாகப் பார்த்து வாங்கி, அதற்கு வேறொரு கம்பம் நாட்டுக. ஒரே கம்பத்தில் மூன்றையும் நிறைவேற்ற முயல்வது மூன்றையும் கெடுப்பதாகவே முடியும். தோட்டமுடையவர்கள் பேறு பெற்றவர்கள். அவர்கள் வெப்பமானியையும் மழைமானியையும் தரைக்கு இறக்கிவிடலாம்.

நிற்க. எப்பொருளாலான கம்பம்? நம் நாட்டிற் கட்டடச் சாரத்துக்குப் பயன்படும் சவுக்குக் கழியே மலிவானது. ஆனால் மண்ணிற் புதைத்த பகுதியைக் கறையானும் ஈரமும் ஈராண்டுக்குள் தின்றுவிடும். பி.வி.சி. குழாய் துருவேறாது, இலேசானது, யாரும் அறுக்கலாம். யான் முதலில் நாட்டியது அதுவே. ஆடி மாதத்து மேல்காற்று வீசிய ஒரு மாலையில், வானத்தில் மேகமே இல்லாதிருக்க, என் கருவி மூன்று மில்லிமீட்டர் மழை பெய்ததாக அறிவித்தது. கருவி பழுதென்று எண்ணிக் கழற்றியெடுத்து ஆராய்ந்தும் குற்றம் காணேன். குழாய் வேலை செய்ய வந்த முதியவர் ஒருவர் கம்பத்தை ஒரு விரலாற் தள்ளிப் பார்த்துவிட்டு, “ஐயா, உங்க மிஷினுக்கு ஒண்ணுமில்லீங்க, கொம்புதான் ஆடுது” என்றார். அவர் கண்டதே உண்மை. இக்கருவிகளினுள்ளே சிறு கவிழ்வாளி ஒன்று உளது. குறித்த அளவு நீர் நிறைந்ததும் ஒருபுறம் கவிழ்ந்து எண்ணிக்கையை ஒன்று கூட்டும். கம்பம் உலுக்கினால் நீரின்றியே அது கவிழும். அன்று பெய்தது மழையன்று, ஆட்டம்.

ஆட்டத்தைக் குறைப்பன இரண்டு: குட்டையும் பருமையும். உச்சியிற் தள்ளப்படும் கம்பம் வளையும் அளவு அதன் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. உயரத்தை இருமடங்காக்கினால் வளைவு எட்டு மடங்காகும். சுவர்த்தடிப்பு ஒன்றாயிருக்கக் குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால் அவ்வளைவு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறையும். எனவே மெல்லிய நீண்ட குழாயைவிட ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாயே சிறந்தது. கடைகளில் ஆறு மீட்டர் நீளங்களாக வரும் இக்குழாய்களில் மஞ்சள், நீலம், சிவப்பு எனப் பட்டைக் குறிகள் இருக்கும்; முறையே இலேசு, நடுத்தரம், கனம் என்பன அவற்றின் பொருள். நமக்கு நீலப்பட்டை போதும். இங்கே ஒரு பொறி உளது. குழாய்க்கடைக்காரர் சொல்லும் “ஒன்றரை அங்குலம்” உள்விட்டத்தை ஒட்டிய பெயர். வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறைவு. கருவியின் கிளாம்ப்பு எத்தனை மில்லிமீட்டரைப் பற்றும் என்று அளந்து கொண்டுபோகாதவர் இருமுறை கடைக்கு நடப்பர். நீலாங்கரை, கோவளம் முதலிய கடலோரத்தார்க்கு உப்புக்காற்று ஓயாத பகை. குழாயை அறுத்த வாயிலும் துளையிட்ட இடத்திலும் துத்தநாகப் பூச்சு போய்விடுமாதலின் அங்கெல்லாம் உடனே வண்ணம் பூசுதல் வேண்டும்.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்ததை நம் கல்லூரியார் மறவார். அன்று வளாகத்திற் சாய்ந்த மரங்கள் பல. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்கம் நான்கு மடங்காகும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று, தன்னை எதிர்க்கும் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 68 கிலோகிராம் எடைக்கு ஈடான அழுத்தம் தரும். அத்தகைய காற்றிலும் குட்டையான ஜி.ஐ. குழாய் முறியாது, சுவரிற் பதித்த ஆங்கர் போல்ட்டே பெயரும். இரண்டு பிராக்கெட்டுகளை அரை மீட்டர் இடைவெளியிற் பொருத்தி அவற்றுக்குமேல் இரண்டு மீட்டர் குழாய் நீட்டினால், உச்சியில் விழும் தள்ளுவிசையைப்போல் ஐந்து மடங்கு இழுப்பை மேல் பிராக்கெட்டு தாங்கவேண்டியிருக்கும். இடைவெளியை ஒரு மீட்டராக்கினால் அது மூன்று மடங்காகக் குறையும். பிராக்கெட்டுகளை நெருக்கி வைப்பதே பெரும்பாலார் செய்யும் பிழை. காற்றுமானிக்கென ஆறு மீட்டர் கம்பம் நாட்டுவோர் மூன்று திசைகளிலும் ஸ்டே கம்பி கட்டாது விடலாகாது.

மாடித்தளத்தைத் துளையிடுவதையும் யான் ஒப்பேன். மேற்பூச்சை ஒருமுறை கீறினால் ஐப்பசியிற் கூரை ஒழுகும். கான்கிரீட்டு நிரப்பிய அகன்ற தொட்டியிற் குட்டைக் கம்பத்தை நிறுத்துவது நன்று. தரையில் நாட்டுவோர் மண்ணை நோக்குக. ஏரிப்படுகையை அடுத்த களிமண் மழையில் உப்பிக் கோடையிற் சுருங்குவதால், ஆழமின்றிப் புதைத்த கம்பம் ஆண்டுக்காண்டு சாயும். மின்கம்பிகளுக்கு அருகில், கம்பம் விழுந்தால் எட்டும் தொலைவில், ஒருபோதும் நாட்டற்க. உலோகக் கம்பத்துக்கு நல்ல எர்த்தும் வேண்டும்.

கருவியைக் கம்பத்தின் எப்புறத்திற் பொருத்துவது? மேனாட்டுக் குறிப்புகள் வெப்பமானியை வடபுறத்தில் நிழலில் வைக்கச் சொல்லும். அஃது இலண்டனுக்குச் சரி. தாம்பரத்திலோ ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதிவரை நண்பகற் கதிரவன் நமக்கு வடக்கே நிற்கின்றான். நம் கடுங்கோடை முழுதும் அதனுள் அடங்கும். ஆதலின் இங்கே எப்புறமும் வெயிற்புறமே. நல்ல வெண்ணிற மறைப்புக் கூடு வாங்குவதும், கம்பத்துக்கு வெள்ளை பூசுவதும், கருவியைக் கம்பத்தினின்று ஒரு சாண் விலக்கி நிறுத்துவதுமே வழி. காக்கைகளைப் பற்றியும் ஒரு சொல்: மழைமானியின் விளிம்பு அவற்றுக்கு மிக உவந்த இருக்கை. சுற்றிலும் சில கம்பி முனைகளை நிறுத்தாவிடில், வேப்பம்பழக் கொட்டையும் எச்சமும் புனலின் துளையை அடைத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாளிற் கருவி வறட்சியை அறிவிக்கும்.

கம்பம் நேராக நிற்றல் இன்றியமையாதது. சாய்ந்த கவிழ்வாளி ஒருபுறம் முந்திக் கவிழும். கொத்தனாரின் தூக்குக்குண்டும் இரசமட்டமும் இதற்குப் போதும். ஆயினும் நம் ஊரில் ஆண்டுக்கு இருமுறை கதிரவனே இதைச் சோதித்துக் காட்டுகின்றான். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும், நண்பகல் பன்னிரண்டு மணி கடந்த சில நிமிடங்களில், அவன் நேர் உச்சியில் நிற்பான். அப்பொழுது நிமிர்ந்த கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். இரண்டு மீட்டர் கம்பம் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும், உச்சியின் நிழல் மூன்றரை சென்டிமீட்டர் விலகி விழும். சென்ற ஏப்ரலில் யான் பார்த்தபொழுது இரண்டு விரற்கடை விலகியிருந்தது. மேற்குப்புறத்து ஆப்பைச் சற்றே தட்டி இறக்கினேன்.