காணாத வலியும் வாராத உறக்கமும்

காய்ச்சல் வந்தால் நெற்றி சுடும். எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு தெரியும். அவற்றைக் கண்ட வீட்டார் உடனே இரங்குவர். அண்டை வீட்டாரும் கஞ்சி கொண்டு வந்து கொடுப்பர். ஆனால், "கழுத்து முதல் கணுக்கால் வரை மாதக்கணக்காக வலிக்கிறது, இரவு முழுதும் படுத்திருந்தாலும் காலையில் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது" என்று ஒரு தாய் சொல்லும்போது, இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் குறை ஒன்றும் காட்டாவிட்டால் நாம் என்ன நினைக்கிறோம்? முதலில் இரக்கம், பிறகு ஐயம், முடிவில், "வேலைக்குச் சோம்பல்" என்னும் தீர்ப்பு. அத்தீர்ப்பு எத்தனை அநீதியானது என்பதை நம் குடும்பங்கள் உணர்தல் வேண்டும்.

நோயின் பெயரும் வரலாறும்

மருத்துவர்கள் இதனை ஃபைப்ரோமயால்ஜியா என்பர். நார், தசை, வலி என்னும் மூன்று சொற்களின் சேர்க்கை அது. உலகில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர் என மதிப்பிடுவர். அவர்களில் பெண்களே மிகுதி. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் பரவலான வலி, இளைப்பாற்றாத உறக்கம், தீராத களைப்பு, மறதி ஆகியவை இதன் அடையாளங்கள்.

1904-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கவர்ஸ், நார்த்திசுக்களின் அழற்சியே இவ்வலிக்குக் காரணம் எனக் கருதினார். பின்னர், அழற்சி ஏதுமில்லை எனத் தெளிவாயிற்று. 1990-இல் அமெரிக்க வாத நோய் மருத்துவர் கழகம் உடலில் 18 இடங்களைக் குறித்து, அவற்றுள் 11 இடங்களிலாவது அழுத்தும்போது வலிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. 2010-இல் அக்கழகமே அம்முறையை விடுத்து, வலியின் பரவலையும் உறக்கம், களைப்பு, மறதி ஆகியவற்றையும் கேட்டறியும் முறையை வகுத்தது. தொட்டுப் பார்ப்பதைவிட, நோயாளி சொல்வதைச் செவிமடுப்பதே முதன்மை என்றாயிற்று. நீடித்த வலியைத் தனியொரு நோய்வகையாகவே ஏற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது.

வலி எங்கிருந்து வருகிறது?

வானொலிப் பெட்டியின் ஒலித் திருகு முழுவதும் திருப்பப்பட்டிருந்தால் மெல்லிய குரலும் பேரிரைச்சலாகக் கேட்கும். அதுபோல, மூளையும் தண்டுவடமும் வலிச் செய்திகளைப் பெருக்கிக் காட்டுவதே இந்நோயின் இயல்பு. தசை பழுதுபடவில்லை; ஆயினும் வலி கற்பனையன்று.

உறக்கத்திற்கு இதில் பெரும் பங்குண்டு. 1975-இல் கனடா நாட்டு மருத்துவர் ஹார்வி மோல்டோஃப்ஸ்கியும் அவருடைய குழுவினரும், நல்ல உடல்நலம் உடையவர்களை ஆழ்ந்த உறக்கம் கொள்ள விடாமல் ஓசையெழுப்பித் தடுத்தனர். சில இரவுகளில் அவர்களுக்கும் உடல்வலியும் களைப்பும் தோன்றின. வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட உறக்கம் வலியைப் பெருக்குகிறது. இச்சுழலை அறுப்பதே சிகிச்சையின் நோக்கம்.

நம் பகுதியின் நிலை

1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தபின், நம் புறநகர் உழைப்பாளர்களின் ஊராயிற்று. இந்த வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் இரவு ஷிப்டு என மாறிமாறி உழைப்போருக்கு உறக்கத்தின் ஒழுங்கு குலைகிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, ஆவடி ரயிலையோ பூவிருந்தவல்லிப் பேருந்தையோ பிடித்து, இரவில் வீடு திரும்பி மீண்டும் அடுப்படிக்குச் செல்லும் பெண்ணின் நிலையும் அதுவே.

2006-இல் தமிழகமெங்கும் பரவிய சிக்குன்குன்யாக் காய்ச்சலை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. காய்ச்சல் சில நாட்களில் தணிந்தது. மூட்டுவலியோ சிலரை மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் வாட்டியது. இத்தகைய தொற்று, விபத்து, பெருந்துயரம் ஆகியவற்றின் பின்னரும் ஃபைப்ரோமயால்ஜியா தலைகாட்டக்கூடும்.

செய்யத் தக்கவை

முதலில் மருத்துவரை நாடுதல் வேண்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி குறைபாடு, முடக்குவாதம் ஆகியவையும் இவ்வாறே வலி தரக்கூடும். அவற்றைச் சோதித்து அறிதல் அவசியம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இத்தகைய நோய்களுக்கெனத் தனித் துறை உண்டு. சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே உள்ளது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் இந்நோய்க்குப் பெரிதும் உதவா. நெடுநாள் உட்கொண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தூக்க மாத்திரையும் அவ்வாறே, தானாக வாங்கத் தக்கதன்று. நரம்பின் மிகை உணர்ச்சியைத் தணிக்கும் மருந்துகள் சில உண்டு. அவற்றை மருத்துவரே அளவறிந்து தருவார்.

இந்நோய்க்குச் சிறந்த மருந்து அளவான உடற்பயிற்சியே. 2017-இல் ஐரோப்பிய மருத்துவ வல்லுநர்கள் வெளியிட்ட பரிந்துரைகளில் மிக உறுதியாகச் சொல்லப்பட்டது இது ஒன்றுதான். ஆனால், தொடங்கும் முறை அறிந்து தொடங்க வேண்டும். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்வோரைப் பாருங்கள். முதல் நாளே விரைந்து ஓடியவர் மறுநாள் கால் வீங்கி அமர்ந்துவிடுவார். அளவோடு நடந்து, நிழலில் இளைப்பாறியவரே அன்னையின் திருத்தலத்தை அடைவார். நாளொன்றுக்கு ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டுதல் நலம். வலி குறைந்த நாளில் வீட்டு வேலை அனைத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மறுநாள் படுக்கையில் வீழ்தலைத் தவிர்க்க வேண்டும்.

உறக்கத்திற்கும் ஒழுங்கு தேவை. எந்நேரம் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல், பிற்பகலுக்குப் பின் காப்பி, தேநீரை நிறுத்துதல், பகலுறக்கத்தைச் சுருக்குதல், படுக்கையில் கைபேசியைத் தொடாதிருத்தல் ஆகியன பயன் தரும். உறக்கம் வராமல் நெடுநேரம் புரள்வதைவிட, எழுந்து மங்கிய ஒளியில் அமர்ந்து, கண் சொக்கும்போது திரும்பிச் சென்று படுப்பதே நன்று. அந்நேரம் செபமாலைக்கு ஏற்றது. பாதியில் உறங்கிவிட்டால் வருந்த வேண்டா; குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளும் செபத்தில் உறங்கியதுண்டு; உறங்கும் குழந்தையும் பெற்றோருக்கு இனியதே என்று அவர் ஆறுதல் கொண்டார். குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம்புதலே முதல் உதவி

யோபு நூலின் 7-ஆம் அதிகாரம், விடியும்வரை புரண்டு கிடக்கும் மனிதனின் முறையீட்டை நமக்குக் காட்டுகிறது. அவரை வதைத்தது நோய் மட்டுமன்று. "உன் பாவமே காரணம்" என்ற நண்பர்களின் பேச்சும்தான். பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் அவ்வாறே வினவியபோது, ஆண்டவர் அக்கருத்தை மறுத்ததை அருளப்பர் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் வரும் பெண், 12 ஆண்டுகள் நோயுற்று, மருத்துவர் பலரிடம் பொருளையெல்லாம் இழந்தவள். கூட்டம் நெருக்கும் வேளையிலும் இயேசு நின்றார்; அவள் சொன்ன உண்மை அனைத்தையும் கேட்டார்; மகளே என்று அழைத்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-இல் ஏற்படுத்திய உலக நோயாளர் தினத்தைப் பிப்ரவரி 11 அன்று லூர்து அன்னையின் திருநாளில் கொண்டாடும் நாம், அந்தச் செவிமடுத்தலை ஆண்டு முழுதும் தொடர வேண்டாமா?

வலியை ஆண்டவரின் சிலுவையோடு ஒப்புக்கொடுப்பது உயர்ந்த பக்தி. ஆனால் அது நோயாளி தானே மனமுவந்து செய்யும் காணிக்கை. "பொறுத்துக்கொள்" என்று பிறர் அவர்மேல் சுமத்தும் கட்டளையன்று. செபம் மருந்தை நிறுத்தச் சொல்வதுமில்லை. திருப்பலியில் முழந்தாளிட இயலாதவர் அமர்ந்திருக்கட்டும், அருகிலிருப்போர் முகஞ்சுளியாதிருக்கட்டும். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும்போது, படுத்த படுக்கையாய் இல்லாத இவர்களையும் நினைவில் கொள்ளட்டும்.

கணவர்மாரே, பிள்ளைகளே, மாமியார்மாரே! இன்றிரவு பாத்திரங்களை நீங்கள் கழுவுங்கள். காலையில், "நேற்று உறங்கினாயா?" என்று கேளுங்கள். விடை எதுவாயினும், அதை நம்புங்கள்.