அச்சத்தை வெல்லும் படிகள்

அச்சம் இயற்கை நமக்கு அளித்துள்ள காவல். பாம்பைக் கண்டதும் கால் பின்வாங்குவது உயிரைக் காக்கிறது. ஆயினும், உள்ள ஆபத்துக்குச் சற்றும் பொருந்தாத அச்சம் ஒரு குறிப்பிட்ட பொருளின் மீதோ சூழலின் மீதோ தோன்றி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்து, அன்றாட வாழ்வையும் பணியையும் பாதிக்குமானால், அதனை ‘ஃபோபியா’ என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர். உயரம், மூடிய இடம், நாய், இடி, விமானப் பயணம், ஊசி என இத்தகைய அச்சங்கள் பலவாகும்.

இவை நிலைபெறுவது ஏன்? மின்தூக்கிக்கு அஞ்சும் ஒருவர் ஒவ்வொரு முறையும் மாடிப்படிகளையே நாடுகிறார். உடனே படபடப்பு தணிகிறது. ‘விலகியதால் தப்பினோம்’ என்று மூளை பதிவு செய்துகொள்கிறது. மின்தூக்கியில் தீங்கு நேராது என்பதை அனுபவித்து அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டுவதேயில்லை. தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வலுப்பெறுகிறது. பத்தாவது மாடியில் கிடைத்த நல்ல பணியையும் அவர் மறுக்க நேரிடலாம்.

இதற்கான தீர்வு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டது. அமெரிக்க உளவியலறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றிய ஆய்வினை 1924இல் வெளியிட்டார். சிறுவன் விருப்பமான உணவை உண்ணும் வேளையில், கூண்டிலிருந்த முயலைச் சிறிது சிறிதாக அவனருகே கொணர்ந்தார். நாளடைவில் அவன் அம்முயலை அன்புடன் தடவிக் கொடுத்தான். பின்னர் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் இம்முறையை ஒழுங்குபடுத்தி, 1958இல் நூலாக வெளியிட்டார்.

இதனை நாமும் பின்பற்றலாம். அச்சமூட்டும் சூழல்களை எளியது முதல் கடினமானது வரை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் மின்தூக்கியின் அருகே நிற்பது, பிறகு கதவு திறந்திருக்கையில் உள்ளே நிற்பது, அடுத்துத் துணையுடன் ஒரு மாடி செல்வது, இறுதியில் தனியாகச் செல்வது எனப் படிகளை அமைக்கலாம். ஒவ்வொரு படியிலும் படபடப்பு தணியும்வரை விலகாமல், மெதுவாக மூச்சுவிட்டபடி இருத்தல் வேண்டும். ஒரு படி பழகிய பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். பிறர் ஏளனம் செய்வதும் வற்புறுத்துவதும் அச்சத்தைப் பெருக்கவே செய்யும்.

ஊசி, இரத்தம் பற்றிய அச்சம் சற்று வேறுபட்டது. இதில் இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து மயக்கம் வரக்கூடும். ஆகவே உடலைத் தளர்த்துவதற்கு மாறாக, கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடிகள் இறுக்கி, சிறிது நேரம் விட்டு, மீண்டும் இறுக்குதல் நலம். ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் வகுத்த முறை இது. செவிலியரிடம் முன்னரே தெரிவித்து, படுத்த நிலையில் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஊசிக்கு அஞ்சி இரத்தப் பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால், சர்க்கரை நோய் அறியப்படாமலே முற்றிவிடும் என்பதை மறத்தலாகாது.

தாமே முயன்றும் அச்சம் தணியாதபோது மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நாட வேண்டும். மத்திய அரசு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். முறையான சிகிச்சையால் நல்ல பலன் கிட்டும் மனநலக் குறைபாடுகளுள் இதுவும் ஒன்று. எனவே தயக்கமின்றி முதற்படியில் கால் வைப்போம்.